வகை பிரிக்காத செவிகள்

இன்ன பாட்டு இன்ன வகையைச் சேர்ந்தது என்று முதலில் நிச்சயித்துக்கொண்டு, அது தனக்கு உகந்ததா அல்லவா என்று தீர்மானித்த பிறகே காதைக் கொடுக்கும் வழக்கம் பரவுவதற்கு முன்னால், 1950-களின் தமிழ்நாட்டு வாலிபர்கள் சினிமாப் பாட்டு என்ற ஒரே பெயரின் கீழ் எத்தனையோ தேசத்துச் சங்கீதத்தைக் கேட்டுப் பழகிவிட்டார்கள் என்பதும், அந்தப் பழக்கம் அவர்களுடைய ரசனையை விசாலமாக்கியது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

1952-இல் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தின் மேன்மையைக் காக்க வேண்டுமென்ற ஆர்வத்தால் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கிவிட்டு, மெல்லிசை என்றொரு தனி வகுப்பை அதற்கு ஈடாக வளர்க்க முற்பட்டார். வாலிபர்களோ ரேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். யுத்த காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக அத்தீவில் நிறுவப்பட்ட சிற்றலை ஒலிபரப்புச் சாதனம், கடலைத் தாண்டி நம் ஊர் டீக்கடைகள் வரையில் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது.

கடைக்காரரின் தலைக்கு மேலே பலகையில் வீற்றிருக்கும் அந்தப் பெட்டியிலிருந்து ஒலி அலையைப்போல் ஏறுவதும் தேய்வதுமாக வர, ஒரு கிளாஸ் டீயை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடித்தபடி நின்ற இளைஞர்கள், எம். கே. தியாகராஜ பாகவதர் ‘ஹரிதாஸ்’ படத்தில் (1944) பாடிய சாருகேசி ராகப் பாட்டையும், ‘நல்லதம்பி’யில் (1949) என். எஸ். கிருஷ்ணன் காலட்சேபமாகச் சொன்ன கிந்தனார் கதையையும், இளமையில் கொழும்பில் வளர்ந்த நடிகர் சந்திரபாபு மேல்நாட்டு முறையில் குரலை உடைத்துப் பாடிய பாட்டையும் ஒரே ஆர்வத்துடன் கேட்டார்கள். சாருகேசி என்ற பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அதன் வளைவு ஒவ்வொன்றும் அவர்கள் தொண்டையில் ஏறியிருந்தது. கொட்டகை வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகமும், கதையைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று சொல்லிற்றேயன்றி, பாட்டுகளுக்குள் உயர்வு தாழ்வு கற்பிக்கவில்லை.

இசையமைப்பாளர்களும் அப்படியே இருந்தார்கள். சாருகேசிப் பாட்டுக்கு வாத்திய இசை அமைத்த அதே ஜி. ராமநாதன்தான், 1958-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில், ராகச் சாயல் ததும்பும் காதல் பாட்டு ஒன்றையும் மேற்கத்தியத் தாளத்தில் துள்ளும் ஆட்டப் பாட்டு ஒன்றையும் அமைத்து, இரண்டையும் டி. எம். சௌந்தரராஜன் குரலில் பாடவைத்தார். ஒன்றை ரசித்தவன் மற்றொன்றை ரசிக்க எந்த அநுமதியையும் எதிர்பார்க்கவில்லை.

அகில இந்திய வானொலியும் கடைசியில் இறங்கிவந்து, 1957 அக்டோபர் 3-ஆம் தேதி சினிமாப் பாட்டுக்கு இடம் தரும் விவித பாரதி என்ற ஒலிபரப்பைத் தொடங்கிற்று.

இன்று விரும்பிய வகையை மட்டும் தேர்ந்து கேட்கும் சௌகரியம் பெற்றுள்ள இளம் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஒரு மாலையில் ‘உத்தமபுத்திரன்’ பாட்டுகள் அனைத்தையும், எதையும் தாண்டாமல், முதலிலிருந்து முடிவு வரை கேட்டுப் பாருங்கள்.