எதிர்வீட்டு அக்கா கொடுத்த அந்திமந்தாரை

பூக்கடையில் அந்திமந்தாரை கிடைக்காது. நர்சரியில் கேட்டாலும், "அதைப் போய் யாருங்க காசு குடுத்து வாங்குவாங்க?" என்பார்கள். ஆனால் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ரோஜா, செம்பருத்தி, அடுக்குமல்லி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் கொஞ்சம் குழைந்த குரலில் அந்திமந்தாரையில் வந்து நிற்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு அது எதிர்வீட்டு அக்கா மூலம் வந்தது. காகிதப் பொட்டலத்தில் மிளகு மாதிரி பத்துப் பன்னிரண்டு விதை. "ஒரு மழை விழட்டும், போட்டு விடுங்க. மத்ததை அதுவே பாத்துக்கும்" என்றார். அப்படியே ஆயிற்று. ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்கியது. அதன் விதையைப் பொறுக்கி அடுத்த ஐப்பசியில் போட்டேன். ரோஸ் வந்தது, கூடவே கருஞ்சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று.

"அக்கா, நீங்க குடுத்தது வெறும் ரோஸ்தானே?"

"எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. என்ன வரும்னு தெரியாம போட்டுப் பாக்குறதுலதானே இருக்கு சுவாரசியம்!"

இதே சுவாரசியம்தான் மரபியலை உருவாக்கியவர்களில் இரண்டு பேரை இந்தச் செடியின் முன்னால் உட்கார வைத்தது.

இதழே இல்லாத பூ

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து மடிப்பாக விரிந்திருக்கும் அந்த வண்ணப் புனல் அல்லி இதழ் இல்லை. புல்லி வட்டமே நிறம் ஏறிக் குழாயாக நீண்டிருக்கிறது. அடியில் புல்லி போலத் தெரியும் பச்சைக் கிண்ணம் பூவடிச் செதில்களால் ஆனது. காகிதப்பூ எனப்படும் போகன்வில்லாவும் இதே குடும்பம்தான்; அங்கே நாம் பூ என்று நினைக்கும் வண்ணத் தாள்கள் பூவடிச் செதில்கள். வேலியோரத்து மூக்கிரட்டையும் இவர்களுக்குப் பங்காளி.

குழாய்க்குள் ஐந்து மகரந்தத் தாள்கள், ஒரு சூல்தண்டு, அடியில் ஒரே ஒரு சூல். ஆகவே ஒரு பூவுக்கு ஒரு விதைதான். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்த இச்செடி 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. 1753இல் லின்னேயஸ் இதற்கு 'மிராபிலிஸ் ஜலாப்பா' என்று பெயரிட்டார். மிராபிலிஸ் என்றால் லத்தீனில் 'வியக்கத்தக்கது'.

சோறு வடிக்கும் நேரம்

மலையாளத்தில் இது நாலுமணிப்பூ. சீனாவில் 'சோறு சமைக்கும் பூ' என்றே ஒரு பெயர் உண்டு. இது மலர்ந்தால் உலை வைக்கும் நேரம். ஆனால் பூவிடம் கடிகாரத் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. வெயில் தணிவதையும் வெப்பம் இறங்குவதையும் பார்த்துத்தான் அது திறக்கிறது. மப்பும் மந்தாரமுமான நாளில் முன்கூட்டியே விரியும். சித்திரை வெயிலில் ஆறு மணி வரை காக்க வைக்கும். மறுநாள் வெயில் ஏறும்போது சுருண்டு விடும்.

மாலையில் திறப்பது அந்துப்பூச்சிகளுக்காக. நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துகள் அந்தரத்தில் நின்றபடியே குழாயின் அடியிலிருக்கும் தேனை எடுக்கும். இருட்டில் அவற்றை அழைப்பது மணம். அதில் முதன்மையான பொருள் ஓசிமீன். இதை இந்தப் பூ பகலில் வீணாக்குவதில்லை. மலர்ந்த முதல் சில மணி நேரத்தில்தான் அதிகமாக வெளிவிடுகிறது. அலுவலகத்திலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றும்போது வாசலில் மணம் வந்து முட்டுவது இதனால்தான். பகலெல்லாம் வீட்டில் இல்லாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செடி ஏது?

அந்து வராவிட்டாலும் மோசமில்லை. பூ மூடும்போது சூல்தண்டும் மகரந்தத் தாள்களும் ஒன்றாகச் சுருள்கின்றன. அந்தச் சுருளில் சொந்த மகரந்தம் சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். விருந்தாளிக்காக இரவெல்லாம் காத்திருந்துவிட்டு, விடியும்போது தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்கிறது பூ.

பீட்ரூட்டின் சாயம்

செம்பருத்தி, சங்குப்பூ ஆகியவற்றுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின். அந்திமந்தாரைக்கு நிறம் தருவது பீட்டாலைன். பீட்ரூட் நறுக்கினால் கையில் ஒட்டுகிறதே, அதே வகைச் சாயம். ஒரே செடியில் இந்த இரண்டு வகைச் சாயமும் சேர்ந்து இருப்பதில்லை.

பீட்டாலைனில் சிவப்பு ஊதா ஒரு பிரிவு, மஞ்சள் இன்னொரு பிரிவு. இரண்டும் சேரும் அளவைப் பொறுத்து ரோஸ், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு எல்லாம் வரும். சில செடிகளில் மஞ்சள் பூவில் சிவப்புத் தீற்றல் விழுந்திருக்கும். பாதிப் பூ மஞ்சளாகவும் பாதி சிவப்பாகவும்கூட இருக்கும். இடம் தாவும் மரபணுத் துண்டு ஒன்று, சிவப்புச் சாயம் தயாரிக்கும் ஜீனுக்குள் புகுந்து அதை முடக்கி வைக்கிறது. பூ வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு வெளியேறினால், அந்தச் செல்லின் வாரிசுகள் மட்டும் சிவக்கும். சீக்கிரமே வெளியேறினால் பட்டை, தாமதமானால் புள்ளி.

ஒரு பூ, ஒரு விதை

பட்டாணியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டல் அந்திமந்தாரையையும் வளர்த்தார். ஒரு விதை உருவாக ஒரே மகரந்தத் தூள் போதுமா என்பது அன்றைக்குப் பெரிய சர்ச்சை. போதாது என்று பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோதேன் இதே செடியில் சோதித்துச் சொல்ல, டார்வினும் அதை எடுத்தாண்டிருந்தார். மெண்டல் ஒரு பூவுக்கு ஒரே தூளை வைத்துப் பார்த்தார். விதை பிடித்தது. 1870இல் தாவரவியலாளர் நேகெலிக்கு அதைக் கடிதத்தில் எழுதினார். ஒரு பூவில் ஒரு சூல் மட்டுமே உள்ள செடியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது அவருடைய சாமர்த்தியம்.

நேகெலிக்கு மெண்டல் எழுதிய கடிதங்களை 1905இல் வெளியிட்டவர், ஜெர்மானியர் கார்ல் கோரென்ஸ். மறந்துபோன மெண்டலை 1900இல் மீட்டெடுத்தவர்களில் ஒருவர். அவரும் அந்திமந்தாரைப் பித்தர். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தார். எல்லாம் ரோஸாக வந்தது. அந்த ரோஸின் விதைகளைப் போட்டபோது ஏறக்குறைய கால் பங்கு சிவப்பு, அரைப் பங்கு ரோஸ், கால் பங்கு வெள்ளை என்று பிரிந்தது. ரோஸ் செடியில் நிறம் தரும் ஜீன் ஒன்று, தராதது ஒன்று என இரண்டும் ஒளிந்திருப்பதே காரணம். என் வீட்டில் நடந்ததும் இதுதான்.

1909இல் அவர் இன்னொன்றும் கண்டார். வெள்ளைத் திட்டு விழுந்த இலைகள் கொண்ட செடியில் பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, திட்டுக் கிளை மூன்றும் இருக்கும். எந்தக் கிளையின் மகரந்தத்தைப் போட்டாலும், பச்சைக் கிளையில் விளைந்த விதை பச்சையாகவே முளைத்தது. வெள்ளைக் கிளையின் விதை வெளுத்து முளைத்துச் செத்தது. தந்தையின் பங்கு எதுவும் இல்லை. பச்சையத்தைச் சுமக்கும் பசுங்கணிகங்கள் தாயின் முட்டைச் செல் வழியாக மட்டுமே வருவதால் இப்படி. உட்கருவுக்கு வெளியேயும் மரபு கடத்தப்படுகிறது என்பதற்கான முதல் சான்றுகளில் இதுவும் ஒன்று.

போட்டு வைக்க

வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத மண், விரலின் முதல் கணு ஆழம். இவ்வளவுதான். காய்ந்து போனாலும் அடியில் கிழங்கு இருக்கும்; மழைக்குத் துளிர்த்து விடும். விதையும் கிழங்கும் வயிற்றுக்கு ஆகாது. வாந்தி, வயிற்றுவலி வரும். மிளகு என்று குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் நானும் பொட்டலம் கட்டத் தொடங்கிவிட்டேன். யார் கேட்டாலும் ரோஸ் செடியின் விதைகளைத்தான் கொடுக்கிறேன். மேலே என்ன நிறம் என்று எழுதுவதில்லை.