குப்பியில் என்ன இருந்தது, யாருக்கு ஏற்றினார்கள்?

கல்முனைக் கரையில் இரத்ததானம் புதிய விடயமல்ல. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எங்கும் பள்ளிவாசல்களும் விளையாட்டுக் கழகங்களும் முகாம் வைக்கின்றன. அங்கு எடுக்கப்படும் குருதியை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதித்த பிறகே இரத்த வங்கி வெளியே விடுகிறது. 2014 முதல் இலங்கையில் சேகரிக்கப்படும் குருதி முழுவதும் காசு வாங்காமல் கொடுப்பவர்களுடையது. இதற்காக நாம் தாராளமாகப் பெருமைப்படலாம். ஆனால் குருதியிலிருந்து செய்யப்படும் மருந்துகள் நம்மிடம் வந்து சேரும் வழி வேறு.

குருதியின் திரவப் பகுதிக்குப் பெயர் பிளாஸ்மா. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்தெடுப்பார்கள். காயம் பட்டால் குருதி உறையாத ஹீமோபீலியா நோயாளருக்கு அப்படிக் கிடைப்பது ‘ஃபாக்டர் 8’. கில்லன்-பரே நோயால் கைகால் விழுந்தவருக்கும், கவசாக்கி நோய் கண்ட குழந்தைக்கும் ஏற்றப்படுவது இம்யூனோகுளோபுலின். கொடுத்தவர்களில் ஒருவருக்குக் கிருமி இருந்து, அதை அழிக்கும் படிமுறையும் தவறினால், கலவை முழுவதும் நஞ்சாகிவிடும்.

பிரித்தானியாவில் நடந்தது அதுதான். 1970களிலும் 80களிலும் அமெரிக்காவிலிருந்து வாங்கிய ஃபாக்டர் 8 மருந்தில், சிறைக்கைதிகள் உள்ளிட்டோரிடம் காசு கொடுத்து எடுத்த பிளாஸ்மா கலந்திருந்தது. குருதி உறையாமை உள்ள சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களில் சுமார் 380 பேர் சிறுவர்கள். குருதி ஏற்றிக்கொண்ட பல்லாயிரம் பேருக்கு ஹெபடைடிஸ் சி பரவியது; தானமாகக் கிடைத்த குருதியில் அதைப் பரிசோதிக்கும் முறை அங்கு 1991 செப்டெம்பரில்தான் வந்தது. மொத்தம் 30,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். ஹாம்ப்ஷயரில் உள்ள ட்ரெலோர் என்ற விடுதிப் பாடசாலையில் 1970க்கும் 1987க்கும் இடையில் 122 ஹீமோபீலியா மாணவர்கள் படித்தனர். சிகிச்சையோடு சிகிச்சையாக அவர்களை ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தினார்கள். அவர்களில் சுமார் 30 பேர்தான் 2024இல் உயிரோடு இருந்தார்கள்.

குடும்பங்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2017இல் பிரதமர் தெரேசா மே பொது விசாரணையை அறிவித்தார். தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி சேர் பிரையன் லாங்ஸ்டாஃப்.

பொது விசாரணை என்பது வழக்கு அல்ல. அது யாரையும் சிறைக்கு அனுப்பாது. அங்குள்ள சட்டப்படி, ஒருவர் குற்றவாளி என்றோ நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றோ தீர்ப்பளிக்கவும் முடியாது. ஆனால் அமைச்சரையும் வைத்தியரையும் சாட்சிக்கு அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம், எல்லாவற்றையும் மக்கள் பார்க்க நடத்தலாம். 374 பேர் நேரில் சாட்சியம் சொன்னார்கள். நோயாளிகளும், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும் முதலில் பேசினார்கள். அதிகாரிகள் அதற்குப் பிறகுதான் பதில் சொல்ல வந்தார்கள். அந்த விசாரணையின் வலிமை இந்த வரிசையில் இருந்தது என்றே நினைக்கிறேன். 2024 மே 20 அன்று வெளியான அறிக்கை, இது விபத்தல்ல என்றது. உண்மை மறைக்கப்பட்டது, சில ஆவணங்கள் வேண்டுமென்றே அழிக்கப்பட்டன என்றும் சொன்னது. பிரதமர் ரிஷி சுனாக் அன்றே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நட்டஈட்டுக்கு 11.8 பில்லியன் பவுண் பின்னர் ஒதுக்கப்பட்டது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. பதிவு செய்யப்படாத மருந்துகளையும் அவசரமாக வாங்க வழி திறக்கப்பட்டது. அந்த வழியில் 22,500 இம்யூனோகுளோபுலின் குப்பிகள் சுமார் 130 மில்லியன் ரூபாவுக்கு வாங்கப்பட்டன. இந்தியாவிலிருந்து வந்ததாகக் காட்டிய பத்திரங்கள் போலியானவை என்று குற்றம் சாட்டப்பட்டது. 2023இல் நோயாளர் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டதும் பாவனை நிறுத்தப்பட்டது. பரிசோதித்த குப்பிகளில் உப்புக் கரைசலும் பக்டீரியாவும் இருந்ததாகத் தெரியவந்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2 அன்று கைதானார். அதிகாரிகளும் விநியோகித்தவரும் கைதாகி, விடயம் நீதிமன்றத்துக்குப் போனது.

யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் வழக்கின் பார்வை குற்றம் சாட்டப்பட்டவர்மேல்தான் இருக்கும்: கையெழுத்திட்டது யார், பணம் எங்கே போனது. எந்தக் குப்பி எந்த வைத்தியசாலைக்குப் போனது, எவர் உடம்பில் ஏறியது, அவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள், அவர்களுக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்பது அதன் வேலையல்ல. இந்தக் கேள்விகளுக்கு ஓர் ஆணைக்குழு வேண்டும். 1948ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விசாரணை ஆணைக்குழுக்கள் சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நியமித்தால் போதாது. அமர்வுகள் திறந்த மண்டபத்தில் நடக்க வேண்டும், அறிக்கை மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். ஆணைக்குழு அறிக்கைகள் அலுமாரியில் கிடந்த அனுபவம் கிழக்கில் நமக்கு நிறையவே உண்டு. பிரித்தானியக் குடும்பங்கள் பல ஆண்டுகள் காத்திருந்தன. அந்தக் காத்திருப்புக்குள்ளேயே பலர் இறந்துபோனார்கள். நாமும் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை ஒரு குடும்பம் செய்யக்கூடியது உண்டு. வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டை எறியாமல் வையுங்கள். குருதிசார் மருந்து ஏதும் ஏற்றியிருந்தால் அதன் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச வைத்தியசாலையின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கேட்கும் தகவல் ஒருவரின் உயிரோடு தொடர்புடையதென்றால் 48 மணித்தியாலம்தான் அவகாசம்.