இயல்பு வேறு, நோய் வேறு

மனச்சோர்வுற்ற ஒருவர் மருத்துவரை நாடி, உறக்கமின்மையையும் பசியின்மையையும் எடுத்துரைக்கிறார். பேச்சினூடே, தம் பாலினத்தவரிடமே காதல் கொள்ளும் தன்பால் ஈர்ப்பாளர் தாம் என்பதையும் தெரிவிக்கிறார். அந்தக் கணமே மருத்துவம் திசைமாறிவிடுவதுண்டு. சோர்வைத் தீர்க்க வேண்டியவர் ஈர்ப்பை மாற்ற முனைகிறார். இல்லத்தாரோ, நோய் தீர்ந்தால் இவ்வெண்ணமும் தீர்ந்துவிடும் என நம்புகின்றனர். இடையில் உண்மையான நோய் கவனிப்பாரின்றி முற்றுகிறது.

இக்குழப்பத்தில் மருத்துவத்துறைக்கும் பங்குண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பால் ஈர்ப்பை நெடுங்காலம் நோயாகவே பட்டியலிட்டிருந்தது. 1972ஆம் ஆண்டு டல்லாஸ் நகரில் நடைபெற்ற அதன் மாநாட்டில், முகமூடியும் பொய்முடியும் அணிந்த ஒருவர், குரலை மாற்றிக்காட்டும் ஒலிவாங்கியின்முன் பேசினார். தாம் தன்பால் ஈர்ப்பாளர் என்றும், உளமருத்துவர் என்றும் அவர் கூறினார். ஜான் ஃபிரையர் என்பது அவர் பெயர். அதை வெளியிட்டால் பணி பறிபோகும் என்னும் அச்சமே அம்முகமூடிக்குக் காரணம். நோயாளர் என முத்திரை குத்தப்பட்டோருள் மருத்துவரும் இருந்ததை அவை அன்று நேரில் கண்டது. மறு ஆண்டே, தன்பால் ஈர்ப்பு நோயன்று எனச் சங்கம் அறிவித்தது. உலக நலவாழ்வு அமைப்பு அம்முடிவுக்கு வர 1990ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

ஈர்ப்பு நோயன்று என்பதால், ஈர்ப்பாளருக்கு நோயே வாராது என்பதில்லை. ஏளனமும் மறைந்து வாழும் அச்சமும் மனச்சோர்வை மிகுவிக்கின்றன.

வளர்ச்சிசார் குறைபாடுடையோர் நிலை இன்னும் கடினமானது. இருபத்தைந்து அகவை எய்தினும் வீட்டார்க்கு அவர் குழந்தையே. குழந்தைக்குக் காதல் ஏது என்னும் எண்ணத்தால், உடலையும் விருப்பத்தையும் தொடுகையையும் பற்றிய கல்விகூட அவருக்குக் கிட்டுவதில்லை. பெண்ணாகப் பதியப்பட்ட ஆட்டிசமுடைய ஒருவர் தம்மைத் திருநம்பி என உணர்ந்து கூறினால், அதுவும் அவருடைய பிடிவாதங்களுள் ஒன்றாக ஒதுக்கப்படுகிறது. பிடிவாதம் என்னும் சொல் நம் வாயில் எத்துணை எளிதாக வந்துவிடுகிறது!

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பாலினமோ பாலீர்ப்போ கருதி மனநல மருத்துவத்தில் வேறுபாடு காட்டலாகாது என்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றம், பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தது. அவ்வாணைக்கு முன் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து இப்பொருளைக் கற்றறிந்தார். அடுத்த ஆண்டு, தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய மாற்றுமுயற்சியை மருத்துவரின் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது. ஆகவே, தம் சோர்வுக்கு மட்டும் மருத்துவம் கேட்பவர் சலுகை எதையும் கேட்கவில்லை. சட்டம் தந்ததையே கேட்கிறார்.