கீறல் விழுந்த டிவிடியும் மதகு திறக்கிற நேரமும்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்திய வடிவம்)

போன பொங்கலுக்கு ஊருக்கு, அதான் காஞ்சிபுரம் பக்கம் தென்னேரிக்கு, போயிருந்தப்போ அம்மா ஒரு டிவிடியைக் கையில கொடுத்தாங்க. 2009-ல நடந்த அத்தை கல்யாணம். அதுல தாத்தா பந்தி வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவார். தாத்தா இப்போ இல்ல. அவர் குரல் எங்க வீட்டுல மிச்சம் இருக்கிறது அந்த டிஸ்க்ல மட்டும்தான். பிளேயர்ல போட்டா, சரியா பந்தி வர்ற இடத்துல நின்னுடுது. "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, என்னன்னு பாருடா"ன்னாங்க.

அதைப் பார்க்கப் போய்க் கத்துக்கிட்டதுதான் இன்னைக்கு எபிசோட். கெட்டுப்போன டேட்டாவைத் திருத்த டிரைவ் கணக்கு போடுதுன்னு நமக்குத் தெரியும். ஆனா அந்தக் கணக்குக்கு வேண்டிய பைட்டை மெமரியில இருந்து எந்தத் திசையில எடுக்குறோம்ங்கிறது வேகத்தை எவ்வளவு மாத்தும்னு பெரும்பாலும் யோசிக்கிறதில்ல.

முதல்ல டேட்டா எப்படி இருக்குன்னு பார்ப்போம். டிவிடியில நம்ம டேட்டா 32 கேபி, 32 கேபியா பிரியும். ஒவ்வொரு துண்டையும், அதோட முகவரி மாதிரியான சின்னத் தகவல்களையும் சேர்த்து, 192 வரிசை, 172 பத்தி உள்ள ஒரு கட்டமா அடுக்குவாங்க. வரிசைன்னா இடமிருந்து வலம், பத்தின்னா மேலிருந்து கீழ். அப்புறம் ஒவ்வொரு பத்திக்கும் கீழே 16 பைட், ஒவ்வொரு வரிசைக்கும் வலது பக்கம் 10 பைட் கூடுதலா எழுதுவாங்க. மொத்தம் 208 வரிசை, 182 பத்தி, 37,856 பைட்.

கடைக்கணக்கு நோட்டுல குறுக்கேயும் நெடுக்கேயும் கூட்டுத்தொகை எழுதி வெச்சா, நடுவுல ஒரு எண் அழிஞ்சாலும் கண்டுபிடிச்சிடலாம் இல்லையா? அதே யோசனைதான், கணக்கு மட்டும் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ரீட், சாலமன்னு ரெண்டு பேர் 1960-ல வெளியிட்டது. இதை வெச்சு ஒரு வரிசையில 5 பைட் வரைக்கும் தப்பா இருந்தா அங்கேயே திருத்திடலாம். அதுக்கு மேல போனா அந்த வரிசை மொத்தத்துக்கும் 'நம்பாதே'ன்னு குறி போட்டுட்டு, பத்தி பத்தியா திருத்தலாம். தப்பு எங்கேன்னு இப்போ தெரிஞ்சிட்டதால, ஒரு பத்தியில 16 பைட் போனாலும் மீட்கலாம். அதாவது 16 வரிசை முழுசா போனாலும் கவலையில்ல. டிஸ்க்ல அது சுமார் 6 மில்லிமீட்டர் நீளக் கீறல்.

சிக்கல் இந்தப் பத்தி கணக்குலதான் வருது. கட்டம் நம்ம மனசுலதான் கட்டம். மெமரியில வரிசை வரிசையா நீளமா கிடக்கும். டிரைவ்ல இருக்கிற டிராம் எங்க ஏரி மதகு மாதிரி. மதகைத் திறக்கத்தான் நேரமும் உழைப்பும். திறந்துட்டா தண்ணி தானா ஓடும். டிராம்லயும் ஒரு 'பக்கத்தை'த் திறக்க சில பத்து நானோ செகண்ட் ஆகும். திறந்த பக்கத்துல அடுத்தடுத்த பைட் சரசரன்னு வரும்.

ஒரு பக்கம் 512 பைட்னு வெச்சுக்குவோம். கட்டம் முழுக்க வரிசையா படிச்சா சுமார் 74 தடவை பக்கம் திறந்தா போதும். பத்தியா படிச்சா? ஒவ்வொரு பத்திக்கும் அதே 74 பக்கத்தையும் திறக்கணும். அடுத்த பத்திக்கு மறுபடி முதல்ல இருந்து. 182 பத்திக்கு 13,468 தடவை! ஒரு மதகைத் திறந்து ரெண்டு மூணு குடம் மொண்டுட்டு, மூடிட்டு, அடுத்த மதகுக்கு ஓடுற கதை.

ஒரு தடவைக்கு 50 நானோ செகண்ட்னா, திறக்கிறதுக்கே 0.67 மில்லி செகண்ட் போயிடும். 16 மடங்கு வேகத்துல ஓடுற டிரைவ்ல அடுத்த கட்டம் 1.5 மில்லி செகண்ட்ல வந்து நிக்கும். அதுக்குள்ள அதே மெமரியில புது டேட்டா எழுதணும், வரிசைகளைத் திருத்தணும், முடிச்சதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பணும்.

இதுக்கு வழி எளிமையானது. பக்கத்தைத் திறந்த கையோட, ஒரு பத்திக்கு மட்டும் எடுக்காம பக்கத்துப் பக்கத்து 8 பத்திக்கும் சேர்த்து எடுத்து, சிப்புக்குள்ள ஒரு சின்ன எஸ்ராம்ல வெச்சுக்கலாம். திறக்கிறது சுமார் 1,700 தடவையா குறைஞ்சிடும். இன்னொரு வழி, டேட்டா உள்ளே ஓடி வரும்போதே சோதனைக் கணக்கை முடிச்சிடறது. தப்பே இல்லாத வரிசையைத் திருத்துறதுக்குன்னு திரும்ப மெமரியில தேட வேண்டாம். தப்பான பைட்டை மட்டும் போய் மாத்தினா போதும்.

இப்படி மிச்சம் பிடிச்ச நேரம் வீணாப் போகாது. பத்தி திருத்தம் முடிஞ்சதும் வரிசைகளை இன்னொரு சுற்று பார்க்கலாம். முதல் சுற்றுல கைவிட்ட தப்பு ரெண்டாவது சுற்றுல சிக்கும்.

எங்க டிஸ்க்குக்கு வருவோம். டிரைவோட உள் சிப்பை என்னால மாத்த முடியாது. ஆனா வேகத்தைக் குறைக்க முடியும். 2 மடங்குல ஓட்டினா கட்டத்துக்குக் கட்டம் சுமார் 12 மில்லி செகண்ட் கிடைக்கும். டிஸ்க் ஆட்டமும் குறையும், சிக்னலும் தெளிவா வரும். டிஸ்க்கை நடுவுல இருந்து ஓரத்துக்கு மெதுவா துடைச்சு, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ரெண்டு இடம் மட்டும் வரவே இல்ல. பந்தி வந்துடுச்சு. அம்மா அதை மூணு தடவை பார்த்தாங்க, ஒண்ணும் பேசல.

கோடு எழுதுறவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். சி-யில பெரிய ரெட்டைப் பரிமாண அரே ஒண்ணை வரிசையாவும் பத்தியாவும் கூட்டிப் பார்த்து நேரத்தைக் குறிங்க. கணக்கு ஒண்ணுதான், விடை ஒண்ணுதான், நேரம் மட்டும் ஒண்ணா இருக்காது. ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

அப்புறம், வீட்டு அலமாரியில கல்யாண டிவிடி கிடந்தா இந்த வாரமே காப்பி எடுத்து வெச்சுடுங்க. எழுதுற டிஸ்க்ல இருக்கிற சாயம் வருஷம் போகப் போக மங்கும். திருத்தக் கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.