உயர் நீதிமன்றக் குற்ற வழக்குகளில் மாறுபட்ட தீர்ப்பு

மாறுபட்ட தீர்ப்பு என்பது, ஒரே வழக்கை விசாரித்த இரு நீதிபதிகள் எதிரெதிர் முடிவுக்கு வருவதைக் குறிக்கும். குரங்கணியில் நடக்கும் கொலை ஒன்றில் தேனி மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தால், மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லும். 2004 சூலை முதல் இயங்கும் இக்கிளையில் அதை இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும். இருவரில் பெரும்பான்மை என்பது கிடையாது. ஒன்று இருவரும் ஒத்துப்போக வேண்டும், இல்லையேல் வழக்கு முடிவின்றி நிற்கும்.

சட்ட நடைமுறை

ஒரு நீதிபதி 'குற்றவாளி அல்லர்' என்று எழுதிவிட்டதாலேயே சந்தேகத்தின் பலன் கிடைத்து ஒருவர் விடுதலையாகிவிடுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் போல, வாக்குகள் சமமானால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைக்கும் என்பதும் இங்கில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 433ஆம் பிரிவின்படி (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 392) மேல்முறையீடு மூன்றாவது நீதிபதியிடம் செல்லும். அவர் கருத்தே தீர்ப்பாகும். முதல் இருவரும் ஒத்துப்போன பகுதிகூட அவரைக் கட்டுப்படுத்தாது என சஜ்ஜன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே வெளியே 2:1 எனத் தெரிந்தாலும், உண்மையில் அது ஒருவரின் முடிவு. மரண தண்டனையை உறுதிசெய்யும் வழக்குகளில் இருவர் மாறுபட்டாலும் இதே வழிதான்.

செந்தில் பாலாஜி வழக்கு

2023 சூன் 14 அன்று அமலாக்கத்துறை அமைச்சர் செந்தில் பாலாஜியைக் கைது செய்தது. அவர் மனைவி ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். இது மேல்முறையீடு அன்று. ஆனால் தனிமனித விடுதலை ஒரு வாக்கில் தொங்கியதை இவ்வழக்கு தெளிவாகக் காட்டியது. சூலை 4 அன்று நீதிபதி நிஷா பானு அவரை விடுவிக்க உத்தரவிட்டார். நீதிபதி பரத சக்கரவர்த்தி மனுவைத் தள்ளுபடி செய்தார். மூன்றாவது நீதிபதி சி. வி. கார்த்திகேயன் சூலை 14 அன்று பரத சக்கரவர்த்தியுடன் உடன்பட்டார். ஆகத்து 7 அன்று உச்ச நீதிமன்றமும் கைதைச் சரியென ஏற்றது.

போக்கை அளவிடுவதன் சிக்கல்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேரும் சேர்ந்து அமர்வதால் யார் எப்பக்கம் வாக்களித்தார் என ஆய்வாளர்கள் எண்ணிவிட முடிகிறது. சென்னையில் அப்படி எண்ணுவது எளிதன்று. யார் யாருடன் அமர்வது, எவ்வகை வழக்கைக் கேட்பது என்பதைத் தலைமை நீதிபதி ஒதுக்குகிறார். அந்த ஒதுக்கீடு அவ்வப்போது மாறும். பெரும்பாலான தீர்ப்புகள் ஒருமித்தே வருவதால், அமர்வுக்குள் ஒருவர் மற்றவருக்கு இணங்கினாரா என்பது தீர்ப்பின் தாளில் தெரியாது. எனவே மாறுபட்ட தீர்ப்புகளை மட்டும் எண்ணுவதைவிட, அதே வகை மேல்முறையீடுகளில் எந்த இணை அமர்ந்தபோது தண்டனை நிலைத்தது, எப்போது நீங்கியது என்று பார்ப்பதே பயன்தரும்.