காய்ச்சல் இருந்ததா என்று கேளுங்கள்

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் ஒரு வீட்டில் இருபது வயதுப் பிள்ளை தூக்கமில்லாமல் தனக்குத்தானே பேச ஆரம்பித்தால், யாரோ தன்னைத் திட்டும் குரல் கேட்கிறது என்று சொன்னால், பல குடும்பங்கள் முதலில் கிளம்புவது சங்கரன்கோவிலுக்குத்தான். கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் உட்காரவைத்து, புற்றுமண் பூசி வேண்டிக்கொள்வார்கள். தென்காசி அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கோ போவது அதற்குப் பிறகுதான். கோயிலுக்குப் போவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த வழி நெடுக எல்லாரும் மனதைப் பற்றியே பேசுகிறார்கள், உடம்பைப் பற்றிய பேச்சு வருவதில்லை. மனச்சிதைவு நோயில், குறைந்தது ஒரு பகுதியினரிடமாவது, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் பங்கு உண்டு என்பதற்கான சான்றுகள் கடந்த இருபது ஆண்டுகளில் குவிந்துவிட்டன. அவற்றைப் பார்த்தபின் உடம்பைக் கேட்காமல் விடுவது சரியில்லை.

டென்மார்க்கில் பிறந்த ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பதிவேடு உண்டு. அந்தப் பதிவேடுகளைப் புரட்டி 2011-ல் வெளியான ஆய்வு, கடும் தொற்றுக்காக மருத்துவமனைக்குப் போனவர்களிடம் மனச்சிதைவுக்கான வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு கூடியிருந்ததைக் காட்டியது. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் தன்னையே தாக்கும் நோய்கள் இருந்தவர்களிடம் அது 29 விழுக்காடு கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டு டெங்கு வந்த பிள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த நோய் நூறு பேரில் ஒருவருக்கு வருவதே அபூர்வம். அதில் 60 விழுக்காடு கூடினாலும், தொற்று கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருப்பார்கள். ஆக, தொற்று மட்டும் காரணமாகிவிடாது. வேறொன்றும் கூடவே வேண்டும்.

அந்த வேறொன்றில் ஒரு பகுதி 2016-ல் தெரிந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டீவ் மக்கரோல் குழு சி4 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டியது. ரத்தத்தில் கிருமிகளுக்கு அடையாளக் குறி போடுவதுதான் சி4 புரதத்தின் பழைய வேலை. மூளையிலோ நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை நீக்கும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. குறி விழுந்த இணைப்பை மூளையின் எதிர்ப்பு அணுக்கள் தின்றுவிடும். விடலைப் பருவத்தில் எல்லார் மூளையிலும் இது நடக்கிறது, நடக்கவும் வேண்டும். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் கவாத்து செய்வது மாதிரிதான்; அளவாக வெட்டினால் காய்க்கும், கண்டபடி வெட்டினால் மரம் மொட்டையாகும். சி4-இன் ஒரு வகை கூடுதலாகச் சுரக்கும் மரபமைப்பு உள்ளவர்களுக்கு மனச்சிதைவு வாய்ப்பும் கூடுதல். இந்த நோய் பெரும்பாலும் கல்லூரி வயதில் தலைகாட்டுவது ஏன் என்ற பழைய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

நம் ஊர் ரத்தத்திலும் ஒரு தடயம் கிடைத்தது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய மரபணு ஆய்வு 2019-ல் வெளியானது. அது சுட்டிய மரபணு, நியாசின் என்ற பி-வைட்டமினை உடம்பு கையாளும் வழியைச் சேர்ந்தது. இதற்கும், எதிர்ப்பு மண்டலம் கிளப்பிவிடும் அழற்சிக்கும் நேரடி முடிச்சு இன்னும் விழவில்லை. ஆனாலும் பழைய சோதனை ஒன்று நினைவுக்கு வருகிறது. நியாசின் கரைசலை முன்கையில் தடவினால் சில நிமிடங்களில் தோல் சிவக்கும். அப்படிச் சிவக்கவைப்பவை புராஸ்டகிளாண்டின்கள், அதாவது ஆஸ்பிரின் அடக்கிவைக்கும் அதே அழற்சிப் பொருள்கள். மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சிவப்பு மங்கலாகவே வருகிறது.

நோயாளி பீடி குடிக்கிறார், மாத்திரையால் எடை கூடுகிறது, நடமாட்டம் குறைகிறது. இவையெல்லாமே ரத்தத்தில் அழற்சியைக் கூட்டுபவை, அப்படியானால் அழற்சி நோயின் விளைவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத புது நோயாளிகளிடமும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பிரிட்டனில் பிறந்தது முதல் கண்காணிக்கப்பட்ட பிள்ளைகளில், ஒன்பது வயதில் இந்தப் புரதம் மிகுந்திருந்தவர்களுக்குப் பதினெட்டு வயதில் குரல் கேட்பது போன்ற அனுபவங்கள் ஏறக்குறைய இரு மடங்கு இருந்ததை 2014-ல் கோலம் காண்டேக்கர் குழு காட்டியது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு பீடியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் மருந்தைப் பற்றியது. அழற்சிதான் காரணமென்றால் அதை அடக்கும் மருந்து வேலை செய்ய வேண்டாமா? மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் முதலில் நம்பிக்கை தந்தது. 2018-ல் பிரிட்டனில் 207 பேரிடம் நடந்த சோதனையில் பலன் இல்லை. இன்டர்லூக்கின்-6-ஐயே தடுக்கும் டோசிலிசுமாபும் ஒரு சிறு சோதனையில் கைகொடுக்கவில்லை. இந்தத் தோல்விகளை மழுப்பக் கூடாது. ஆனால் இவற்றில் அழற்சி உள்ளவர்களை மட்டும் தனியே பிரித்து மருந்து கொடுக்கவில்லை. அதிகப்படியான கவாத்து விடலைப் பருவத்திலேயே நடந்திருந்தால், பிறகு தரும் மருந்து அதைத் திருப்பவும் முடியாது. அதனால் அழற்சியை அடக்கும் மாத்திரையை நம்பி யாரும் டாக்டர் தந்த வழக்கமான மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஐயத்துக்கு இடமில்லாத ஓரிடமும் இருக்கிறது. 2007-ல் ஜோசப் டால்மாவ் விவரித்த ஒரு மூளை அழற்சியில், உடம்பே சுரக்கும் எதிர்ப்புப் புரதம் மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது. சிலருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும். முதல் சில நாள்கள் அச்சு அசல் மனச்சிதைவுதான். பிறகு வலிப்பு வரும், வாயும் நாக்கும் தாமாக அசையும், பேச்சு நின்றுபோகும். பேய் பிடித்ததாக ஊர் முடிவு கட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், ரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தை வடித்தெடுப்பது, கட்டி இருந்தால் அகற்றுவது என்று சிகிச்சை உண்டு. 2013-ல் வெளியான பெரிய தொகுப்பில் இரண்டு ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

முதல்முறை மனம் குழம்பியவர்களில் இந்த நோய் உள்ளவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலரைப் பிரித்தெடுக்க, எந்தத் தேதியில் காய்ச்சல், எப்போது வலிப்பு, எப்போது பேச்சு நின்றது என்று வீட்டார் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. மீதியை முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை சொல்லும். முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் உண்டு. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது.