மலிவுச் சாமானும் மிஞ்சிய நாட்களும்

பசறை, ஹாலிஎல, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து பதுளை நகருக்குச் சாமான் வாங்க வருவோர், சில கடைகளில் பால்மாவும் பிஸ்கற்றும் பாதி விலைக்குக் கிடைக்கக் காண்பதுண்டு. இம்மலிவு எங்ஙனம் உண்டாகின்றது?

கொழும்பில் விலைபோகாது தேங்கிய சரக்கு, காலாவதித் திகதியை நெருங்கியதும் பெரிய அங்காடிகளால் ஒதுக்கப்படுகின்றது. அழித்தால் போட்ட முதல் முழுவதும் நட்டம். ஆகவே மொத்த வியாபாரி அதனை வந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றார். வாங்கியவர் லொறியில் மலையேற்றிச் சிறு இலாபத்துக்கு விற்கின்றார். இதில் தவறில்லை, உண்ணத்தக்க பண்டம் குப்பைக்குப் போவதினும் ஏழையின் அடுப்பங்கரைக்குச் செல்வது நன்று.

ஆயினும் வாங்குபவர் விலையை மட்டுமன்றி நாளையும் எண்ணல் வேண்டும். திகதிக்கு இருபது நாள் இருப்பின், பிள்ளைகள் உள்ள லயத்து வீட்டில் 400 கிராம் பால்மா அதற்குள் தீர்ந்துவிடும். மலிவென்று ஐந்து பைக்கற்றுகள் வாங்கினால் தீராது. சீனியும் உப்பும் நெடுநாள் தாங்கும். தேங்காயெண்ணெயோ சிக்கடித்துப் போகும். வீங்கிய மீன் டின்னைத் திகதி மிஞ்சியிருப்பினும் தொடலாகாது.

திகதி கடந்ததை விற்பது குற்றம். திகதியை அழித்தோ, அதன்மேல் வேறு சீட்டு ஒட்டியோ விற்பவரைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் அறிவிக்கலாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருத்தல் அவசியம்.